சின்ன ஊர் விமான நிலையத்துக்கு பிசினஸ் பிளான்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம் உண்டு. பயணிகள் விமானம் கிடையாது, தனியார் விமானங்கள்தான். அதன் ஆலோசனைக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கணக்கு தெரியும், விமானத் துறை தெரியாது. "வருஷா வருஷம் நஷ்டம், யானையைக் கட்டித் தீனி போடுகிறோம்" என்று நகர மன்றத்தில் ஒருவர் பேச, ஆறு மாதத்தில் வியூகத் திட்டமும் பிசினஸ் பிளானும் வேண்டும் என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

இந்தக் குழுக்களில் கணக்குத் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் விமானம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், விமானச் சத்தம் பிடிக்காதவர்கள் மறுபக்கம் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

விமானங்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பயணிகள் விமானம் வராத நிலையத்தின் பிசினஸ் பிளான் முக்கால்வாசி ஒரு நிலச் சொந்தக்காரரின் திட்டம்தான். ஓடுபாதை ஒரு தெரு மாதிரி. தெருவுக்கு யாரும் வாடகை தர மாட்டார்கள், தெருவோரத்துக் கடைகள்தான் தரும். உங்கள் ஊரில் அந்தக் கடைகள் என்பவை ஹேங்கர்கள் (விமானம் நிறுத்தும் கொட்டகைகள்), எரிபொருள் டேங்க், மெக்கானிக் ஷெட், ஃபிளையிங் ஸ்கூல். ஆனால் இந்த நிலச் சொந்தக்காரர் மத்திய அரசுக்கு நிறைய எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர். ஆகவே மானிய ஒப்பந்தங்கள், குத்தகைப் பத்திரங்கள் என்ற இரண்டு கட்டுக் காகிதங்களைப் படித்து முடிக்கும்வரை எந்தப் புது யோசனையையும் மேஜைக்குக் கொண்டுவர விடாதீர்கள்.

மானியத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. அதில் சுமார் 3,300 நிலையங்கள் எஃப்.ஏ.ஏ என்ற மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தேசியத் திட்டப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருந்தால்தான் 1982-ல் தொடங்கிய விமான நிலைய மேம்பாட்டு மானியம் கிடைக்கும். உங்களுடையது போன்ற நிலையத்துக்கு ஓடுபாதை, அதற்குப் போய்வரும் வழியான டாக்சிவே, விளக்குகள் போன்ற வேலைகளில் வழக்கமாக 90 சதவீதச் செலவை மத்திய அரசு ஏற்கும். மீதியிலும் பல மாநிலங்கள் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். இந்தப் பணம் விமான டிக்கெட் வரி, விமான எரிபொருள் வரி ஆகியவற்றில் சேரும் தனி நிதியிலிருந்து வருவது. "எங்கள் வீட்டு வரியில் ஓடுபாதை போடுகிறார்கள்" என்று மன்றத்தில் யாராவது சொன்னால் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இந்த வகை நிலையங்களுக்கு ஆண்டுக்கு 1,50,000 டாலர் வரை தனி ஒதுக்கீடும் உண்டு. அந்த வருஷம் எடுக்காவிட்டால் சேர்த்து வைக்கலாம், நான்கு வருஷப் பங்கு சேர்ந்தால் 6,00,000. இதற்கு மேல் 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் ஐந்து வருஷத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்தது. அது 2026 நிதியாண்டுக்கானதோடு முடிகிறது. உங்கள் திட்டத்தின் வரவுப் பக்கத்தில் அந்தத் தொகையைத் தொடர்ந்து வரும் வருமானம் போல யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

பணத்தோடு நாற்பது வாக்கில் வாக்குறுதிகளும் வரும். ஒவ்வொரு மானியத்தில் கையெழுத்துப் போடும்போதும் நகராட்சி அவற்றை ஏற்கிறது. கட்டுமான வேலைகளுக்குப் பெரும்பாலும் 20 வருஷம் கட்டுப்பட வேண்டும். மானியத்தில் நிலம் வாங்கியிருந்தால் கட்டுப்பாட்டுக்கு முடிவே கிடையாது. இன்னொன்றையும் பாருங்கள்: இரண்டாம் உலகப் போரில் ராணுவம் கட்டிய பல விமானத் தளங்கள் போருக்குப் பிறகு, 1944-ன் உபரிச் சொத்துச் சட்டத்தின்படி ஊர்களுக்கு இலவசமாகக் கைமாறின. உங்களுடையது அப்படி வந்ததென்றால், விமான நிலையமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருக்கும். நகராட்சி ஆவண அறையில் அந்தப் பழைய பத்திரத்தைத் தேடி எடுப்பதை முதல் வாரத்து வேலையாக வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "நஷ்டம் என்றால் மூடிவிட்டு நிலத்தை விற்போம்" என்று மன்றத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். சிகாகோ நகரத்து மெய்க்ஸ் ஃபீல்டை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர் அனுப்பி ஓடுபாதையில் பெரிய எக்ஸ் எக்ஸாக வெட்டிப் போட்டார். நிலையம் மூடியது உண்மைதான். நகரம் 33,000 டாலர் அபராதம் கட்டி, 10 லட்சம் டாலர் மானியப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அந்த மூடலுக்குப் பிறகு, நாளுக்கு 1,100 டாலராக இருந்த அபராத உச்சவரம்பை நாடாளுமன்றம் 10,000 ஆக்கிவிட்டது. முறைப்படி மூட நினைத்த மிசூரி மாநிலத்து செயின்ட் கிளேர் ஊருக்கு 2014-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நிலையம் மூடியது 2017-ல். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா பல பத்தாண்டுகள் வழக்காடி, 2017-ல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: ஓடுபாதையை 4,973 அடியிலிருந்து 3,500 ஆகச் சுருக்கலாம், 2028 முடிந்த பிறகு மூடிக்கொள்ளலாம். அவ்வளவு பணமும் வக்கீல் படையும் உங்கள் ஊரிடம் இருக்கிறதா?

"சரி, இனி மானியமே வாங்க வேண்டாம், சுதந்திரமாக இருப்போம்" என்பது அடுத்த வாதம். அப்படி நினைத்த ஊர் நியூயார்க் மாநிலத்து ஈஸ்ட் ஹேம்ப்டன். கோடையில் மன்ஹாட்டனிலிருந்து வந்து இறங்கும் ஹெலிகாப்டர் சத்தம் தாங்காமல், பெரும்பாலான மானியக் கட்டுப்பாடுகள் 2014 கடைசியில் காலாவதியாகும்வரை காத்திருந்து, 2015-ல் இரவுத் தடையும் சத்த வரம்பும் கொண்டுவந்தார்கள். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை நிறுத்திவிட்டது. காரணம், 1990-ன் விமான இரைச்சல் சட்டம் மானியம் வாங்காத பொது நிலையங்களையும் கட்டுப்படுத்தும். மானியத்தை விட்டதில் பணம்தான் போனது, கேட்ட அதிகாரம் கிடைக்கவில்லை. இந்த ஒரு வழக்கை உங்கள் மன்றத்துக்குக் கால் மணி நேரம் விளக்கினால் போதும், பாதி வீண் விவாதம் அடங்கிவிடும்.

அந்த மானிய வாக்குறுதிகளில் பிசினஸ் பிளானை நேரடியாகத் தொடுபவை நான்கைந்துதான். 24-வது, நிலையம் தன் காலில் தானே நிற்கும்படி கட்டணம் வைக்க வேண்டும் என்கிறது. அடிமாட்டு விலைக்குக் குத்தகை விட்டிருந்தால் அது இதற்கே முரண். 25-வது, அங்கே வரும் வருமானம் அங்கேயே செலவாக வேண்டும் என்கிறது. நகராட்சியின் பொதுக் கஜானாவுக்குப் போகக் கூடாது. நகராட்சியின் சாலைத் துறை பனி உருகச் சாலையில் போடும் உப்பைக் குவித்து வைத்திருக்கும் மூலை, போலீஸ் துப்பாக்கிப் பயிற்சி இடம் போன்றவை விமான நிலைய நிலத்தில் இருந்தால் அதற்கு நகராட்சியே சந்தை வாடகை தர வேண்டும். பெரும்பாலான சின்ன ஊர்களில் தருவதில்லை. இதை நீங்கள் கண்டுபிடித்தால் மன்றத்தில் யாருக்கும் பிடிக்காது, ஆனால் எஃப்.ஏ.ஏ கண்டுபிடிப்பதைவிட நீங்கள் கண்டுபிடிப்பது மேல். உங்களைப் போன்ற கணக்குக்காரருக்கு இன்னொரு சங்கதி: நகராட்சி நிலையத்துக்காகப் போட்ட பணத்தை, பிற்பாடு நிலையம் சம்பாதிக்கும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 6 வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஒழுங்காக எழுதி வைக்காததால் இதைக் கோட்டை விட்ட ஊர்கள் ஏராளம்.

இப்போது அந்த "நஷ்டம்" என்ன என்று பாருங்கள். நிலையத்தைத் தனி நிதியாக வைத்துக் கணக்கெழுதும் ஊர்களில் ஓடுபாதையின் தேய்மானமும் செலவாக ஏறும். 90 சதவீதம் மத்திய அரசு போட்டுக் கொடுத்த ஓடுபாதைக்கும் முழுத் தேய்மானம் ஏறி, தாளில் பயங்கர நஷ்டம் தெரியும். தேய்மானத்தை ஒதுக்கிவிட்டு, கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகிறது என்று ஒரு வரியில் காட்டுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கத்தையும் சேருங்கள்: ஹேங்கர் கட்டடங்களுக்கும், சில மாநிலங்களில் விமானங்களுக்கும் விதிக்கும் சொத்து வரி பொதுக் கணக்கில் போய்ச் சேருகிறது, நிலையக் கணக்கில் தெரியாது. மாநில அரசு வெளியிடும் பொருளாதாரத் தாக்க அறிக்கையில் "இந்த நிலையத்தால் ஊருக்கு இத்தனை மில்லியன்" என்று ஓர் எண் இருக்கும். அதை நான் முன்னால் வைக்க மாட்டேன். பெருக்கிப் பெருக்கி வந்த எண், கேட்பவர்களுக்கும் அது தெரியும். ஆம்புலன்ஸ் விமானம் போன வருஷம் எத்தனை முறை வந்தது, மருந்தடிக்கும் விமானம் எத்தனை பண்ணைக்குப் போகிறது, ஊரில் உள்ள தொழிற்சாலைக்காரர் எதற்காக இங்கே இறங்குகிறார் என்று மூன்று பேரிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் நேரத்தில் பாதியைக் குத்தகைக்கு வையுங்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்து யார், எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன வாடகை, எப்போது முடிகிறது, வாடகை ஏறுமா, முடியும்போது கட்டடம் யாருக்கு என்று ஒரே தாளில் பட்டியல் போடுங்கள். பழைய நிலக் குத்தகைகள் பொதுவாக எப்படி இருக்கும் தெரியுமா? 60 அடிக்கு 60 அடி ஹேங்கர், 3,600 சதுர அடி. ஆண்டுக்குச் சதுர அடிக்கு 12 சென்ட் என்று எப்போதோ பேசி 30 வருஷத்துக்கு எழுதியிருப்பார்கள். விலைவாசிக்கேற்ப ஏறும் என்ற வரி விட்டுப்போயிருக்கும். வருஷ வாடகை 432 டாலர். அதைச் சதுர அடிக்கு 40 சென்ட் ஆக்கினாலே 1,440. இது உதாரணக் கணக்குதான். உங்கள் பக்கத்து மூன்று நான்கு நிலையங்களில் விசாரித்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய விஷயம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. பல பத்திரங்களில் குத்தகை முடிந்ததும் கட்டடம் நகராட்சிக்குச் சேரும் என்று எழுதியிருக்கும். அந்த நாள் வந்தால் நகராட்சி நிலத்துக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கும் சேர்த்து வாடகை வாங்கலாம். அதனால்தான் முடிய ஐந்தாறு வருஷம் இருக்கும்போதே, "கூரையை மாற்றப் போகிறேன், பேங்க் கடன் வேண்டும், இன்னும் 20 வருஷம் நீட்டித்துக் கொடுங்கள்" என்று குத்தகைக்காரர் வருவார். நல்ல மனுஷர், ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர், மன்றமும் கைதூக்கிவிடும். அதோடு அடுத்த தலைமுறைக்கான வருமானம் போயே போச்சு. நீட்டிப்பே கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எவ்வளவு முதலீட்டுக்கு எத்தனை வருஷம் என்ற கொள்கையை, எந்த மனுஷரும் வந்து கேட்பதற்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட வேண்டும். உங்கள் பிசினஸ் பிளானில் ஒரே ஒரு பக்கம்தான் மிஞ்சும் என்றால் அது இந்தப் பக்கமாக இருக்கட்டும்.

அடுத்தது ஹேங்கர் காத்திருப்புப் பட்டியல். "40 பேர் வரிசையில் நிற்கிறார்கள், புது ஹேங்கர் கட்டினால் அள்ளலாம்" என்பார்கள். முதலில் அந்த 40 பேரிடமும் திருப்பித் தராத முன்பணம் ஒரு சிறு தொகை கேளுங்கள். பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். பிறகு இருக்கும் ஹேங்கர்களைத் திறந்து பாருங்கள். படகு, டிரெய்லர், பழைய கார், மாமியார் வீட்டு சோபா எல்லாம் இருக்கும், விமானம் இருக்காது. எஃப்.ஏ.ஏ 2016-ல் அறிவித்து 2017 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்த கொள்கைப்படி ஹேங்கர் முதன்மையாக விமானப் பயன்பாட்டுக்குத்தான். வீட்டில் தயாரிக்கும் வகை விமானத்தைக் கட்டிக்கொண்டிருப்பதும் பயன்பாடே, சோபா அப்படியில்லை. வருஷம் ஒரு முறை சோதனை என்று விதி வைத்தாலே காசு செலவில்லாமல் நாலைந்து ஹேங்கர் காலியாகலாம்.

அதற்குப் பிறகும் கட்ட வேண்டும் என்றால் கணக்கைக் கறாராகப் போடுங்கள். பத்து அறை டி-ஹேங்கர் வரிசைக்கு, தளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 10 லட்சம் டாலர் ஆகிறது என்று வையுங்கள். அறைக்கு மாதம் 350 வாங்கினால், பத்தும் நிரம்பினாலும் வருஷத்துக்கு 42,000. வட்டி, காப்பீடு, பழுது எதுவும் சேர்க்காமலே போட்ட பணம் திரும்ப 24 வருஷம். நகராட்சி கடன் வாங்கிக் கட்டும் சமாச்சாரம் இல்லை இது. ஓடுபாதைப் பக்கத்து வேலைகள் பாக்கி இல்லாத நிலையத்தில் மேலே சொன்ன ஆண்டு ஒதுக்கீட்டையே ஹேங்கருக்குத் திருப்பலாம். இல்லையென்றால் நிலத்தைத் தயார் செய்து கொடுத்து, தனியாரைக் கட்டச் சொல்லி, கட்டடம் கடைசியில் நமக்கு என்று எழுதிக்கொள்ளலாம்.

எரிபொருளுக்கு வருவோம். செஸ்னா 172 போன்ற சின்ன விமானம் மணிக்கு எட்டு ஒன்பது கேலன்தான் குடிக்கும். கம்பெனிகள் வைத்திருக்கும் கிங் ஏர் போன்ற டர்போப்ராப் (டர்பைன் எஞ்சின் விமானம்) ஒன்று மணிக்கு 100 கேலன் அளவில் குடிக்கும், டேங்க் நிறைத்தால் 500 கேலனுக்கு மேல். அதாவது மாதம் நாலு தடவை வந்து நிரப்பும் ஒரே ஒரு கம்பெனி விமானம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறக்கும் முப்பது பேருக்குச் சமம். அந்தக் கம்பெனி விமானி எதைப் பார்த்து வருவார்? ஓடுபாதை 5,000 அடி இருக்கிறதா, மேகம் தாழ்ந்த நாளில் ஜி.பி.எஸ். வழிகாட்டலில் இறங்க வகை செய்திருக்கிறதா, தானியங்கி வானிலைக் கருவி வேலை செய்கிறதா, குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்குப் பனியை அள்ளியிருப்பார்களா. நான்காவது கேள்விக்கு மத்திய அரசு மானியம் தேவையில்லை, ஒரு டிரைவருக்கு ஓவர்டைம் போதும்.

எரிபொருளை நகராட்சியே விற்பதா, எஃப்.பி.ஓ என்று சொல்லும் தனியார் சேவை நிறுவனத்திடம் விட்டு கேலனுக்குச் சில சென்ட் வாங்குவதா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தனியார் ஒருவருக்கு "உங்களைத் தவிர வேறு யாரையும் விட மாட்டோம்" என்று எழுதிக் கொடுக்கக் கூடாது, 23-வது வாக்குறுதி தடுக்கிறது. நகராட்சி தன் ஊழியரை வைத்துத் தானே விற்றால் மட்டும் அந்த உரிமையைத் தனக்கே வைத்துக்கொள்ளலாம். சின்ன விமானங்கள் குடிக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டி 2022 தொடக்கத்தில் தன் நிலையங்களில் அதை விற்பதை நிறுத்தியது. 2024-ன் மத்திய விமானச் சட்டம், ஏற்கெனவே விற்கும் நிலையங்கள் 2030 கடைசி வரை, அல்லது ஏற்ற மாற்று எரிபொருள் வரும் வரை விற்க வேண்டும் என்கிறது. ஆகவே புது டேங்க் வாங்குவதாக இருந்தால் ஈயம் உள்ளது, இல்லாதது என்ற இரண்டு வகை பெட்ரோலுக்கும் இடம் விட்டு வாங்குங்கள்.

பயணிகள் விமானம் கொண்டுவரலாம் என்ற கனவைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஒன்பது இருக்கைக்கு மேற்பட்ட விமானம் கால அட்டவணைப்படி வந்தால் நிலையத்துக்குத் தனிச் சான்றிதழ், தீயணைப்பு வண்டி, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். நிலைய வருமானத்திலிருந்து விமான நிறுவனத்துக்கு நேரடி மானியம் கொடுப்பதும் தடை. பெரிய விமான நிலையம் ஒன்றரை மணி நேர கார் தூரத்தில் இருந்தால் உங்கள் ஊர் மக்களே இதில் ஏற மாட்டார்கள், டிக்கெட் 40 டாலர் மலிவு என்று காரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். பறக்கும் டாக்சி பற்றிப் பேச ஆள் வந்தால் காபி கொடுத்து அனுப்புங்கள்.

நகர மன்றம் தன் கையாலேயே கெடுக்கக்கூடிய ஒன்றையும் திட்டத்தில் எழுத வேண்டும்: ஓடுபாதை முனைக்கு நேர் கீழே வீட்டு மனைக்கு அனுமதி கொடுப்பது. அனுமதி கொடுத்த அதே மன்றத்துக்கு ஐந்து வருஷத்தில் அந்த வீட்டுக்காரர்களின் புகார் மனு வரும். சுற்று நிலத்தைப் பொருத்தமான உபயோகத்துக்கு வைத்திருக்க முயல வேண்டும் என்பதும் அந்த மானிய வாக்குறுதிகளில் ஒன்று, 21-வது.

வியூகத் திட்டம், மாஸ்டர் பிளான், பிசினஸ் பிளான் என்று மூன்று பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மாஸ்டர் பிளான் இருபது வருஷத்துக்கு எங்கே எதைக் கட்டுவது என்ற பொறியாளர் வேலை, பெரும்பாலும் உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும். வியூகத் திட்டம் இந்த நிலையம் யாருக்காக என்று மன்றம் முடிவு செய்து எழுதும் இரண்டு பக்கம். பிசினஸ் பிளான் அதற்கான ஐந்து வருஷப் பணக்கணக்கு. வியூகத்தை வெளியாளிடம் எழுதக் கொடுத்தால் எந்த ஊருக்கும் பொருந்தும் அழகான புத்தகம் ஒன்று வந்து சேரும், பலம் பலவீனக் கட்டம் போட்டு. அதை மன்ற உறுப்பினர்களே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சண்டை போட்டு எழுதட்டும். சந்தை வாடகை மதிப்பீடு, ஓடுபாதையின் நிலை அறிக்கை போன்றவற்றுக்கு வெளியாளுக்குக் காசு கொடுங்கள். மத்திய மானியத்தில் திட்ட ஆலோசகரையோ பொறியாளரையோ அமர்த்தினால் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகுதான் விலை பேச வேண்டும், குறைந்த விலை டெண்டர் கூடாது.

முதல் கூட்டத்துக்கு மூன்றைக் கொண்டுபோங்கள்: இதுவரை வாங்கிய மானியங்களும் ஒவ்வொன்றின் கட்டுப்பாடு முடியும் வருஷமும், தேய்மானம் இல்லாத வரவு செலவு, குத்தகைகள் முடியும் தேதி வரிசை. மூன்றும் சேர்ந்து இரண்டு தாளுக்கு மேல் போகாது. ஆறு மாதத்தில் முதல் ஆறு வாரத்தை இதற்கே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரம் கிடைக்கவில்லை என்றால் எஃப்.ஏ.ஏ-வின் வட்டார விமான நிலைய அலுவலகத்தில் கேளுங்கள், மானியக் கோப்புகள் அவர்களிடமும் இருக்கும்.